பூ ஞாயிறன்று பொதுக்குழு

லோம், மூன்றாம் எண் கிரேன்
27 பிப்ரவரி 2019

அன்புள்ள நெவேனா,

நலமா? எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்தக் காற்றைத் தவிர. காலையிலிருந்து தன்யூப் ஆற்றின் மேல் பேயாய் அடிக்கிறது. காற்று எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியதால் கிரேனை நிறுத்திவிட்டோம். கீழே கோதுமைப் படகு காத்துக் கிடக்கிறது, மேலே நான் காத்துக் கிடக்கிறேன். கேபினில் போன் பேசக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது என்று எவனும் சொல்லவில்லை. நீ தலைவியாக இருக்கும் மன்றம் பற்றி எதுவானாலும் எழுத்தில் கொடு என்று நீயும் கடைத்தெருவில் சொல்லிவிட்டுப் போனாய். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருக்கிற தோழிக்கு மனுப் போட வேண்டியிருக்கிறது. சரி வக்கீலம்மா, போடுகிறேன்.

எங்கள் சரக்குத் துறைமுகத்தில் ஷிப்டு மேற்பார்வையாளர் வேலை காலியாகிறது. இருபத்தாறு வருஷமாக நான் இந்தக் கிரேனில் இருக்கிறேன். இதுவரை மேற்பார்வையாளரான மூன்று ஆண்களுக்கும் கிரேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். மூவரில் ஒருவரும் பட்டதாரி இல்லை. இந்தத் தடவை நான் கேட்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அறிவிப்பில் ஒரு வரி புதிதாக முளைத்திருக்கிறது: பட்டப்படிப்பு அவசியம். நிர்வாகி பெத்ரினொவிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். “உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலியெல்லாம்? மேல நிம்மதியா உக்காந்திருக்கீங்க, ஊரே தெரியுது” என்றார்.

உங்கள் உத்தியோகப் பெண்கள் மன்றம் வங்கியில் இரண்டு பெண்களுக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்ததைப் பத்திரிகையில் படித்தேன். உன் படத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. என்னையும் சேர்த்துக்கொள். மன்றத்தின் பெயரில் ஒரு கடிதம் போனால் போதும், அந்த ஆள் வழிக்கு வருவார். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 30.

இருபது மீட்டர் உயரத்திலிருந்து,
உன் யோர்தாங்கா


லோம்
5 மார்ச் 2019

என் அன்பு யோர்தாங்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் அதே கோழிக் கிறுக்கல். மகள் வியன்னாவில் நலம். எனக்கு முதுகு வலி, வழக்கு வலி, இரண்டும் உண்டு.

நீ கேட்டது நியாயம். ஆனால் என்னால் செய்ய முடியாது. மன்றத்தின் நான்காம் விதிப்படி பட்டம் பெற்ற பெண்கள்தான் உறுப்பினராகலாம். உறுப்பினர் அல்லாதவர்களின் விவகாரத்தை மன்றம் எடுத்துப் பேசவும் கூடாது. தலைவியே விதியை மீறினால் ஊர் சிரிக்கும். மேயரும் வங்கிக்காரர்களும் எங்களை உட்கார வைத்துப் பேசுவதே இப்படிக் கறாராக இருப்பதால்தான்.

மனம் கோணாதே. எட்டாம் தேதி மகளிர் தின விருந்துக்கு என் விருந்தாளியாக வா. என் பக்கத்திலேயே உனக்கு நாற்காலி போடச் சொல்கிறேன்.

மாறாத அன்புடன்,
நெவேனா


லோம்
12 மார்ச் 2019

நெவேனா,

விருந்துக்கு நான் வரவில்லை என்று கோபித்திருப்பாய். பசிக்குச் சோறு கேட்டவளுக்கு நீ பன்னீர் தெளிக்கக் கூப்பிட்டாய். அதனால் வரவில்லை. எட்டாம் தேதி பெத்ரினொவ் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கார்னேஷன் பூ கொடுத்தார். கிரேன் ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கும் என்று என் பூவைக் காவலாளியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

நேற்று என் சொந்தப் பெயரிலேயே மனு எழுதிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை:

“நெவேனா மேடத்தோட மன்றத்துலயே டிகிரி இல்லாதவங்கள சேக்குறதில்ல. பொம்பளைங்களுக்காகப் பேசுறவங்களே உங்கள உத்தியோகக்காரின்னு ஒத்துக்கல. நான் மட்டும் எப்படிம்மா ஒத்துக்குறது?”

அறையில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். மனுவை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உன் விதி இப்போது என் கழுத்துக்குக் கத்தியாக வந்திருக்கிறது. எனக்குச் சலுகை வேண்டாம். அந்த விதியை எடு. கேட்பது அவ்வளவுதான்.

யோர்தாங்கா


லோம்
25 மார்ச் 2019

அன்புள்ள யோர்தாங்கா,

உன் கடிதம் சுட்டது. பெத்ரினொவ் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஆனால் விதியைத் தலைவி தனியாக மாற்ற முடியாது. ஆண்டுப் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். வருகிற ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு முந்தைய பூ ஞாயிறு அன்று வாசகசாலை மண்டபத்தில் கூட்டம். உறுப்பினர் அல்லாதவர்கள் அதில் கலந்துகொள்ளக் கூடாது, அதனால் உன்னை அழைக்கவும் வழியில்லை. எங்கள் உறுப்பினர், பல் மருத்துவர் ஸ்தோயனா யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு நான்காம் விதியை விவாதத்தில் சேர்த்திருக்கிறாள். அது நிறைவேறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று பூவின் பெயர் வைத்தவர்கள் எல்லோருக்கும் பெயர்நாள் கொண்டாட்டம், நெவேனாவும் ஒரு பூதானே, எனக்கும்தான். வீட்டில் ஒரு முறை, மன்றத்தில் ஒரு முறை என்று இரண்டு தடவை விருந்து வைக்க அலுப்பாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அங்கேயே எல்லோருக்கும் மீனும் இனிப்பும் கொடுத்து முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். உனக்குத் தனியாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

நெவேனா


லோம்
22 ஏப்ரல் 2019

நெவேனா,

நீ மேடையில் இருந்தாய், வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. நானே சொல்கிறேன்.

நாங்கள் துறைமுகப் பெண்கள் பதினேழு பேர் வந்தோம். உணவகச் சமையற்காரி, எடைமேடையில் இருக்கும் இரண்டு பெண்கள், படகுச் சரக்கைச் சரிபார்க்கிறவள், கழிவறை கழுவுகிற பென்கா, எல்லோரும். கையில் பூ ஞாயிற்றுக்கு வழக்கமான வில்லோக் கிளை, தட்டுகளில் சுட்ட கெண்டை மீன். வாசலில் உங்கள் வங்கி மேலாளர் தெயோஃபானா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“அழைப்பிதழ் இருக்கா?”

“பேர்நாளுக்கு எவளாவது அழைப்பிதழ் வச்சு போவாளாடி? எங்க ஊர்ல இல்ல” என்று பென்கா கேட்டாள்.

“இது பொதுக்குழும்மா.”

“உள்ள மீன் இருக்கா, இல்லையா?”

“இருக்கு...”

“அப்ப பேர்நாள்தான். வந்தவள வாசலோட அனுப்பினா அந்த வருஷம் பூரா வீடு விளங்காதும்பாங்க. உங்க தலைவிக்கு அப்படி ஆகணுமா?”

தெயோஃபானாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். பெயர்நாளையும் பொதுக்குழுவையும் ஒரே பந்தியில் முடிக்க நினைத்தது நீ, நாங்கள் அல்ல.

உள்ளே நடந்தது உனக்குத் தெரியும். நாங்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். ஸ்தோயனா எழுந்து, “இவங்கள்ல யாரு உத்தியோகம் பாக்கல, காட்டுங்க பாப்போம்” என்றபோது ஒருத்தரும் காட்டவில்லை. முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு கை ஆதரவாக உயர்ந்தது. விதி ஒழிந்தது. பென்கா அழுதுவிட்டாள், நான் விசில் அடித்தேன்.

அதற்கு முன்னால் எதிராக உயர்ந்த ஒன்பது கைகளையும் எண்ணினேன். அதில் ஒன்று உன்னுடையது. கிரேன்காரியின் கண் தப்பாது.

விதியைத் தனியாக மாற்ற முடியாது என்றாய், நம்பினேன். உன் ஒரு கையையாவது கீழே வைத்திருக்கலாமே? நீ வைத்த மீனைத் தொடாமலே வந்துவிட்டேன்.

யோர்தாங்கா


லோம்
2 மே 2019

யோர்தாங்கா,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வேலைச் செய்தி. கூட்டம் முடிந்த மறுநாள் அல்ல, அதற்கும் அடுத்த நாள், தீர்மானத்தை எடுத்துக்கொண்டு நானே பெத்ரினொவிடம் போனேன். நேற்றுவரை பட்டம் இல்லாதவர்கள் பார்த்த வேலைக்கு இன்றைக்கு எதற்குப் பட்டம் என்று தொழிலாளர் ஆய்வாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “பட்டம் அல்லது பத்தாண்டு அனுபவம்” என்று அறிவிப்பைத் திருத்திவிட்டார். இதை நீ ஏற்கெனவே பலகையில் பார்த்திருப்பாய். போனது யார் என்று உனக்குத் தெரிந்திருக்காது. தலைவி என்பதால் போனேன், நல்லவள் என்று நினைத்துவிடாதே.

இனி மற்றது. நான்காம் விதியை எழுதியது நான்தான். மேயருக்காக, வங்கிக்காக என்றெல்லாம் உன்னிடம் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். பௌதிகத்தில் உன் நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவள் நான். உன் அப்பா போனதும் நீ துறைமுகத்துக்குப் போனாய், நான் சோஃபியாவுக்குப் படிக்கப் போனேன். நீ போயிருந்தால் என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். உன்னைவிட நான் ஒரு படி மேலே என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பட்டம். விதியை எழுதும்போது உன் முகம் நினைவுக்கு வந்ததா என்று கேட்காதே. வந்தது.

கை உயர்ந்ததும் அதனால்தான். வெட்கமாக இருக்கிறது. தலைவி பதவியிலிருந்து விலகிவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நெவேனா


லோம், மேற்பார்வையாளர் அறை
14 மே 2019

நெவேனா,

இன்று காலை முடிவு ஒட்டினார்கள். தேர்வுப் பட்டியலில் என் பெயர்தான் முதலில். பெத்ரினொவ் கை கொடுத்தார். “இனிமே உங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும் போலிருக்கே” என்றார். “இப்பவே ஆரம்பிச்சுடுங்க சார்” என்றேன். முதல் வேலையாக, கிரேன் பழக இரண்டு பெண் பிள்ளைகளைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். பென்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் எனக்கே அலுத்துவிட்டது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். உன் கை உயர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் ஒன்பது பேரில் எட்டுப் பேர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஏன் தூக்கினேன் என்று சொன்னவள் நீ ஒருத்திதான்.

பதவியைத் திரும்ப வாங்கிக்கொள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதே. ஜூன் மாதத் தலைவி தேர்தலில் நானே நிற்கலாம் என்று இருக்கிறேன். ஸ்தோயனா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள், ஜெயிப்பேனாம்.

அதற்கு முதலில் நான் உறுப்பினராக வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது. “இவரை எனக்கு நேரில் தெரியும், இவர் தகுதியானவர்” என்று ஓர் உறுப்பினர் எழுதிக் கையெழுத்திட வேண்டிய இடம் மட்டும் காலி. பதினொரு பேர் பேனாவோடு வந்தார்கள், ஒருவரையும் தொட விடவில்லை.

உன் கையால் எழுது, நெவேனா. வேறு யாரிடமும் கேட்கப் போவதில்லை.

யோர்தாங்கா