நூறா, நானூறா

ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் கிடந்த இரண்டு கறுப்பு வெள்ளை பிலிம் சுருள்களை இன்று காலை வெளியே எடுத்தேன். ஒன்றின் வேகம் நூறு, மற்றதன் வேகம் நானூறு. டப்பாக்கள் வியர்த்திருக்கின்றன. ஈரம் காயும்வரை திறக்கக் கூடாது. அதுவரை சும்மா இருக்க முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

உன் மகள் ராணுவ நர்ஸ் பயிற்சிக்கு இன்று ரயிலேறுகிறாள். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தாள். "சித்தி, அம்மாவ எடுத்த மாதிரி என்னையும் எடுங்க. கெளம்புறதுக்கு முன்னாடி ராஜபாளையம் வாரேன்." உன் சிநேகிதியைச் சித்தி என்று கூப்பிடுகிறவளிடம் மறுக்க முடியுமா, சரி என்றுவிட்டேன். ஆனால் நீ இறந்துபோன பிறகு நான் கேமராவைத் தொடவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உங்கள் மொட்டை மாடி நினைவிருக்கிறதா? சிகிச்சையில் உனக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது. அன்று மேகமூட்டம் வேறு. நூறு போட்டால் முகம் வழுவழுப்பாக வரும். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு நீ அசையாமல் இருக்க வேண்டும். நானூறு சட்டென்று பிடித்துவிடும், படம் முழுக்கப் பொடிப் புள்ளிகள் தெரியும். எதை மாட்டுவதென்று திகைத்து நின்றேன்.

"ஏட்டி, மூச்சு வாங்குது. அம்புட்டு நேரம் செலையா உக்கார முடியாது. வேகமானதப் போடு."

"புள்ளி புள்ளியா வருமேட்டி."

"வரட்டும். நான் தெரிவேன்ல?"

பிலிமைக் கழுவி எடுக்கும்வரை எனக்கு நிம்மதியில்லை. சரியாக விழாமல் போயிருந்தால் உன்னை இன்னொரு முறை எப்படி மாடியேறச் சொல்வது? படத்தைப் பார்த்து, "மணல்ல செஞ்ச பொம்ம மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு உன்னைப் படமெடுக்க வாய்க்கவில்லை.

இப்போது சாயங்காலம். வந்தாள், போய்விட்டாள். இளம்பெண், அசையாமல் இருப்பாள் என்று நூறைத்தான் கையில் எடுத்தேன். ஜன்னலோரம் விறைப்பாக உட்கார்ந்தவள் உடனே எழுந்துவிட்டாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா சித்தி. அப்பாட்ட சொல்லிராதீங்க. செத்த நேரம் நடந்துக்கிறட்டுமா?"

நானூறை மாட்டினேன். அவள் கூடத்தில் நடக்க நடக்க எடுத்தேன். அவளை அனுப்பிவிட்டுக் குளியலறையிலேயே பிலிமைக் கழுவினேன். மருந்தின் சூடு சரிதானா என்று இரண்டு முறை பார்த்தேன். சுருளை விளக்குக்கு நேரே பிடித்தபோது ஒரு படத்தில் அவள் கை அசைவில் கலங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது. உன் நெற்றி அவளுக்கு.

இந்நேரம் ரயில் விருதுநகரைத் தாண்டியிருக்கும். அவள் பயந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை, உன்னிடம் சொல்லிவிட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டதாக அவள் போன் செய்யும்வரை நாம் இருவரும் கவலைப்பட்டுக்கொண்டிருப்போம்.