நீலக் கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

கும்பிட்டு எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே தெருச் சுவரில் பழைய ஊரைப் படமாக வரைகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் பல் போன தாத்தாக்கள் வரை ஆளுக்கொரு பிரஷ். சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுப்பது என் வேலை. சந்தை, மரக்கடை எல்லாம் வந்துவிட்டன. ஒரு தாத்தா குறுக்கே அகலமாக நீலத்தை இழுத்தார். கை தவறிவிட்டது என்று நினைத்து அதன்மேல் வெள்ளையடித்துவிட்டேன். மறுநாள் ஒரு கிழவி வந்து அதே இடத்தில் அதே கோட்டை இழுத்தார்.

"ஏம்பா அழிச்சே? அது ஆறு. மூடிட்டு வீடு கட்டிட்டாங்க. தண்ணிக்கு வழி மறந்துடுமா?"

ஒரு சிறுமி அந்த நீலத்தின் நடுவில் மஞ்சள் கட்டடம் ஒன்றை வரைந்தாள். நாங்கள் தங்கியிருக்கும் விடுதிதான். எல்லோரும் சிரித்தார்கள், கிழவியைத் தவிர.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் கொத்தனார், உங்களுக்குத் தெரியும். என் தரைத்தள அறையில் சுவர் ஈரம் வாரம் ஒரு சாண் ஏறினால் என்ன அர்த்தம்? அதை மறைக்கக் காலண்டரை மூன்று முறை மேலே மாற்றி மாட்டிவிட்டேன். பாஸ்போர்ட் வைக்கத் தண்ணீர் புகாத பை ஒன்று அனுப்புங்கள்.

பதிலைச் சீக்கிரம் போடுங்கள். மழை தூற ஆரம்பித்துவிட்டது.

உங்கள் மகன்