சும்மாட்டைத் தொட்டால்

நாமக்கல் ஆஸ்பத்திரி,
தை 6

அன்புள்ள ஆயம்மாளுக்கு,

மாதன் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன். துணைக்கு இருக்கிற மகன் விமல்ராஜ் என் கையைப் பிடிக்கவில்லை. கோகிலா டீச்சரிடம் இதைக் காட்டு. ராத்திரி வகுப்புக்கு நீ இழுத்துக்கொண்டு போனபோது, "இந்த வயசுல படிச்சு யாருக்குப் புள்ள காயிதம் போடப்போறேன்?" என்று கேட்டேன். உனக்குத்தான் போடுகிறேன், பார்.

தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதனால் பேச்சு வராது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்ததிலிருந்து எனக்குப் பதிலாக ஒரு மெஷின் மூச்சு விடுகிறது. காய்ச்சல் போய்விட்டது. ஆனால் படுத்தே கிடந்ததில் மூச்சு இழுக்கிற தசை மெலிந்து போனதாம். இனி தினமும் மெஷினைக் கழற்றி என்னையே மூச்சு விடச் சொல்வார்கள். ராத்திரி பகல் இரண்டும் அது இல்லாமல் இருந்தால்தான் ஊருக்கு வரலாம். மெஷினோடு வர வழியில்லை. காற்றடித்தாலே நம் ஊட்டில் கரண்ட் நிற்காதே.

மூச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் கலைச்செல்வி, ராசிபுரத்துக்காரி. என்னைத் தன் தாத்தா மாதிரி அப்புச்சி என்று கூப்பிடுகிறாள்.

கை வலிக்கிறது. ஆனாலும் நிறுத்த மனமில்லை. பதில் எழுது.

மாதன்

பெரக்கரை நாடு,
தை 9

ஊட்டுக்காரருக்கு ஆயம்மாள் எழுதிக்கொள்வது,

உங்கள் பேரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. உறை மேல் எழுதும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். காயிதத்தைப் பஸ்ஸில் கொண்டுவருகிற கண்டக்டர் முரளிக்கு வாய் சும்மா இருக்கிறதா? "ஏனுங்க அம்மாயி, அப்புச்சிக்கு அப்படி என்ன ரகசியமுங்க?" என்றான். "நீ டிக்கெட்டைக் கிழி சாமி" என்று சொல்லிவிட்டேன்.

இங்கே எல்லாரும் சுகம். மிளகு பறிப்பு நடக்கிறது. பக்கத்து ஊட்டுச் சின்னக்கண்ணு ஏணி போட்டுப் பறித்துத் தருகிறான். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நீங்கள் நல்லபடியாக மூச்சு விடுங்கள். அந்தப் புள்ள முன்னால் நம் மானத்தை வாங்கிவிடாதீர்கள்.

ஆயம்மாள்

நாமக்கல்,
தை 13

அன்புள்ள ஆயம்மாளுக்கு,

பென்சிலைத் தூக்கவே இன்றைக்குத்தான் முடிந்தது.

மூன்று நாளைக்கு முன்பு கலைச்செல்வி மெஷினைக் கழற்றிவிட்டு, "முடியலைன்னா ஒடனே சொல்லோணும் அப்புச்சி" என்றாள். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. பிறகு அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து மூட்டையோடு மலை ஏறுகிற மாதிரி நெஞ்சு இழுத்தது. முடியவில்லை என்று எழுத எனக்குத் தெரியும். பென்சிலும் மடியில் இருந்தது. ஆனால் ஏற்றத்தில் நம்மில் யார் அப்படிச் சொல்கிறோம்? சும்மாட்டைத் தொடுவோம். அதைப் பார்த்ததும் கூட வருகிறவரும் மூட்டையை இறக்கிவிட்டு உட்காருவார். அதேபோல் தலையைத் தொட்டேன். "தலைவலிங்களா?" என்றாள். மறுபடி தொட்டேன். நன்றாகச் சொறிந்துவிட்டாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மெஷின் மணி அடித்து எல்லாரும் ஓடி வந்தார்களாம். முழித்தபோது மெஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கலைச்செல்வியின் கண் சிவந்திருந்தது. "கொஞ்சம் முன்னாடி சொல்லியிருந்தா ஒடனே மாட்டிட்டு, நாளைக்கு மறுபடி பாத்திருப்போமுங்க. இப்ப தசை ஓய்ஞ்சு போச்சு. அது தேறுற வரைக்கும் காத்திருக்கோணும்" என்றாள்.

சும்மாடு என்றால் தலைக்கும் மூட்டைக்கும் நடுவில் வைக்கிற துணிச்சுருள் என்று தொடங்கி எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சரிங்க, இனி எனக்குத் தெரியும்" என்றாள்.

அலுத்துப் போகிறது ஆயம்மா. அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன். அதுவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கட்டும் என்றுகூடத் தோன்றிவிட்டது.

மாதன்

பெரக்கரை நாடு,
தை 16

ஊட்டுக்காரருக்கு,

அப்படி நினைக்காதீர்கள். தலையைச் சொறிந்த கதையைக் கேட்டுக் கோகிலா டீச்சர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒரு குறையும் இல்லை. மிளகு பாதி பறித்தாகிவிட்டது. சின்னக்கண்ணு இருக்கிறான். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆயம்மாள்

நாமக்கல்,
மாசி 4

அன்புள்ள ஆயம்மாளுக்கு,

இது பேனா. கலைச்செல்வி கொடுத்தாள்.

மெஷினைக் கழற்றும் முன்பு, "போலாமுங்களா அப்புச்சி?" என்று கேட்பாள். உட்கார்ந்தவரை மற்றவர்தான் அப்படிக் கேட்டு எழுப்ப வேண்டும் என்ற நம் முறையையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நெஞ்சு இழுக்கத் தொடங்கியதும் தலையைத் தொடுவேன். உடனே மாட்டிவிடுவாள். முதலில் வெட்கமாக இருந்தது. ஆனால் வேளையோடு இறக்கி வைக்க வைக்க, ஏறுகிற தூரம் கூடிக்கொண்டே வந்தது. இப்போது ராத்திரியிலும் மெஷின் இல்லாமல் தூங்குகிறேன்.

நேற்று குழாய் வாயில் ஒரு மூடி வைத்தார்கள். பேச்சு வந்தது, தவளைக் குரலில். முதலில் உன் பேரைத்தான் சொன்னேன்.

சாயங்காலம் சின்னக்கண்ணு பார்க்க வந்தான். திருப்பூரிலிருந்து நேராக வந்தானாம். பொங்கல் கழிந்ததும் வேலைக்குப் போனவன் இன்னும் மலைக்கே வரவில்லையாம். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பேச்சு வந்தும் கேட்கவில்லை.

உன்னோடு எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன் ஆயம்மா. நான் தொட்டபோதெல்லாம் நீ உட்கார்ந்தாய். நீ ஒரு நாளும் தொட்டதில்லை. உனக்குக் களைப்பே கிடையாது என்று நானும் நடந்துவிட்டேன்.

மாதன்

பெரக்கரை நாடு,
மாசி 7

ஊட்டுக்காரருக்கு,

முரளி கொடுத்ததும் ரோட்டோரத்திலேயே நின்று படித்தேன்.

சின்னக்கண்ணு பறித்தான் என்றது பொய்தாங்க. நானே ஏணி போட்டு ஏறினேன். மூன்றாவது மரத்தில் ஏணி சறுக்கிவிட்டது. கால் வீங்கிப்போய், சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். மற்ற கொடிகளில் மிளகு பழுத்துக் கொட்டுகிறது, குருவி தின்கிறது. தெரிந்தால் குழாயைப் பிடுங்கிப்போட்டு வந்துவிடுவீர்கள் என்று பயந்தேன். பயம் மட்டும் இல்லை. உங்களைப் போலத்தான், எனக்கும் சொல்ல வரவில்லை.

இனி ராத்திரிக்குத் துணை வேண்டாம் என்றால் விமல்ராஜை நாளைக்கே அனுப்பிவையுங்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம். குழாயை எடுத்து, ஓட்டை ஆறிய பிறகு வந்தால் போதும்.

நான் தொட்டுவிட்டேங்க. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போலாமா என்று நீங்கள்தான் வந்து கேட்க வேண்டும். எழுதி அனுப்பாதீர்கள். வாயாலேயே கேளுங்கள்.

ஆயம்மாள்