பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஆறு ஜிபி

அனுப்புநர்:
சு. தவசி (வயது 73),
முன்னாள் காவலாள், ஊர்ச் சேவை மையம்,
கீழத்தெரு, ஓடைக்கரிசல்பட்டி,
கோவில்பட்டி வட்டம்.

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
ஊர்ச் சேவை மையங்கள் பிரிவு,
கோவில்பட்டி.

பொருள்: சேவை மையக் கம்ப்யூட்டரில் ஆறு ஜிபி மெமரி காணவில்லை எனப் பணியாளர் முத்துச்செல்விக்குக் குறிப்பாணை கொடுத்தது – மெமரி பெட்டிக்குள்ளேயே இருப்பது – கம்ப்யூட்டர் விழிக்கும்போது படிக்கும் ஒரு வரியை நீக்கி, குறிப்பாணையை ரத்து செய்ய வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் குறிப்பாணை, நாள் 27.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும், பஸ் ஏறுவதற்காகக் கற்றுக்கொண்டது. இந்த மனுவை நான் சொல்லச் சொல்ல எங்கள் ஊர் பாண்டிராஜ் எழுதுகிறார். இதில் வரும் சட்டச் சொற்கள் அவருடையவை. நடந்த விவரங்கள் என்னுடையவை; அவற்றில் ஒன்றைக்கூட மாற்றக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

1. மேற்படி மையத்தில் 2011 முதல் 2022 வரை நான் காவல் பார்த்தேன். கதவு திறப்பது, பூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மெக்கானிக் யாராவது வந்தால் டார்ச் லைட் பிடிப்பது ஆகியவை என் வேலை. இதில் கடைசியாகச் சொன்ன வேலையைப் பற்றித்தான் இந்த மனு.

2. தங்கள் குறிப்பாணையின் சாரம், எனக்குப் படித்துக் காட்டியபடி: இருப்புப் பதிவேட்டில் மெமரி எட்டு ஜிபி என்று இருக்கிறது. 09.10.2025 அன்று தாங்கள் நேரில் வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர் இரண்டு என்றே காட்டியது. பெட்டியின் ஒட்டு முத்திரையும் சேதமாகியிருந்தது. ஆகவே மீதி ஆறைப் பணியாளர் கழற்றி எடுத்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. 13.11.2025 அன்று விசாரணை.

தாங்கள் கழித்த கணக்கில் பிழை இல்லை. எட்டில் இரண்டு போக ஆறுதான். ஆனால் அந்த எட்டும் ஒரே அட்டை, ஐயா. தலை வாரும் சீப்பு நீளத்தில் ஒன்றுதான் உள்ளே இருக்கிறது. அதில் ஆறை மட்டும் ஒடித்து எடுத்துக்கொண்டு, இரண்டை வேலை செய்ய விட்டுவைக்கும் வித்தை தெரிந்தவர், இந்தச் சம்பளத்துக்கு எங்கள் ஊரில் உட்கார்ந்து சாதிச் சான்றிதழ் அச்சடித்துக்கொண்டிருக்க மாட்டார். பெரிய அட்டையை எடுத்துவிட்டுச் சின்ன அட்டையை வைத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் கீழே வருகிறது.

3. 2019ஆம் வருடம், ஐப்பசி 22, வெள்ளிக்கிழமை. பயிர்க் காப்பீட்டுக்குப் பதியக் கடைசி வாரம். உளுந்தும் பாசியும் போட்டவர்கள் வாசல் வரை நின்றார்கள். கம்ப்யூட்டர் பாதியில் பாதியில் நின்றுபோனது. தங்களுக்கு முன்பிருந்த அலுவலர், செண்பகராஜ் என்ற மெக்கானிக்கை அனுப்பி வைத்தார். மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. கடம்பூரில் இறங்கிப் போளி வாங்கி வந்திருந்தார். எனக்கு இரண்டு கொடுத்து, அவர் நான்கு சாப்பிட்டார். அப்போது பெட்டியில் இருந்தது நான்கு ஜிபி அட்டை, அதுவும் ஒன்றே ஒன்று. சோதித்துப் பார்த்ததில் அதன் மேல் பாதி பழுது, கீழ் பாதி நல்லது என்று தெரிந்தது. வேறு அட்டை திருநெல்வேலியிலிருந்து வர நான்கு நாள் ஆகும் என்றார். நின்றவர்களுக்கு நான்கு நாள் இல்லை. அதனால் அவர் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அதை விளக்கியும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன் (குறுக்கம் என்றால் எங்கள் பக்கம் ஏக்கர், உவரு என்றால் விளையாத உப்பு நிலம்):

"அண்ணாச்சி, ஒங்க நாலு குறுக்கத்துல மேல ரெண்டு உவருன்னு வைங்க. கீழ ரெண்டுல மட்டும் உழுலேன்னு இவனுக்கு எழுதிப் போட்டிருக்கேன். காலைல கண்ணு முழிச்சதும் இவன் மொதல்ல படிக்குதது அந்த வரியத்தான். புது அட்டை போடுத அன்னைக்கு அத அழிச்சிரணும். இல்லன்னா நீங்க நாப்பது குறுக்கம் வாங்கிக் குடுத்தாலும் இவன் ரெண்டுலதான் உழுவான்."

கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் அந்தப் பகுதிக்குப் பூட் லோடர் என்று பெயராம். அதன் கட்டளையில்தான் இந்த வரி இருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் பதிவு முடிந்தது. ஆகவே வரி எழுதியது குற்றமில்லை. நான்கு நாளில் வர வேண்டிய அட்டை ஐந்தரை வருடம் கழித்து வந்ததுதான் சற்றுத் தாமதம். அதைப் பற்றி இந்த மனுவில் நான் புகார் எதுவும் சொல்லவில்லை.

4. 2025 சித்திரை மாதத்தில் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் எட்டு ஜிபி அட்டையுடன் வந்தார். பழையதைக் கழற்றினார், புதியதை மாட்டினார், முத்திரை ஒட்டினார், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். எட்டயபுரம் பஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்தது. கம்ப்யூட்டரில் விளக்கு எரிந்தது, அதுவே போதும் என்று கிளம்பிவிட்டார். அந்த வரியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான். அந்த நேரம் நான் மக்காச்சோளத் தட்டை ஏற்றிய வண்டியுடன் மையத்தைத் தாண்டித்தான் போனேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றவன் எட்டிப் பார்த்தால் மதிப்பாக இராது என்று நினைத்தேன். இது என் தவறு. எழுதிக்கொள்ளவும்.

5. தாங்கள் ஆய்வுக்கு வந்த நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்டியின் பொத்தானை அமுக்கியதும், முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். தும்மி முடிக்கும் நேரம்தான் நிற்கும். உள்ளே உண்மையில் எவ்வளவு மெமரி மாட்டியிருக்கிறது என்பதை அந்தத் திரை மட்டுமே சொல்லும். அதன் பிறகுதான் செண்பகராஜ் எழுதிய வரி வேலை செய்யத் தொடங்குகிறது. அதற்குப் பின் எங்கே பார்த்தாலும் இரண்டுதான்.

தாங்கள் வருகிறீர்கள் என்று முந்திய நாளே தகவல் வந்துவிட்டது. பெரிய அலுவலர் வந்து கம்ப்யூட்டர் எழும்பும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று, ஊராட்சிச் செயலாளர் காலை எட்டு மணிக்கே பொத்தானை அமுக்கி வைத்துவிட்டார். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. விருந்தாளி வாசலில் கால் வைக்கும்போது சோறு இலையில் இருக்க வேண்டும். தாங்கள் வந்து சேர்ந்தது பதினொன்று நாற்பது. அந்தக் கறுப்புத் திரை வந்து போய் ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மரியாதை செய்யப் போய் எங்கள் சாட்சியை நாங்களே முன்கூட்டி அனுப்பிவிட்டோம்.

6. முத்திரை விஷயம். இதற்கு முத்துச்செல்வி பொறுப்பில்லை. நான்தான் பொறுப்பு. வேலையை விட்டு மூன்று வருடமாகியும் ஆயுத பூஜைக்கு மையத்துச் சாமான்களுக்குச் சந்தனம் வைப்பதை நான் விடவில்லை. 01.10.2025 அன்று பிரிண்டர், யுபிஎஸ், ரேகை வைக்கும் கருவி எல்லாவற்றுக்கும் வைத்தேன். பெட்டிக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று பார்த்ததில், முன்பக்கமும் மூடியும் சேரும் இடம் பொருத்தமாகப் பட்டது. அங்கே ஏற்கனவே ஏதோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அது முத்திரை என்று அதிலேயே எழுதியிருந்ததாம். எழுதியிருந்து எனக்கு என்ன பயன்? சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கரைத்துவிட்டேன். காகிதம் ஊறி உரிந்துவிட்டது. தேடிப் பார்த்தால் அதன் துணுக்கில் இன்னும் சந்தன வாசனை இருக்கும்.

ஆயுதத்துக்குச் சந்தனம் வைப்பது தங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக இராது என்று நம்புகிறேன். 09.10.2025 அன்று தாங்கள் வந்த ஜீப்பின் முகப்பில் சந்தனம் அப்படியே இருந்தது, வாழைக்கன்று காய்ந்து போயும் அவிழ்க்கவில்லை. அதைக் குறை சொல்லவில்லை. பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

7. குறிப்பாணை வந்ததும் செண்பகராஜைத் தேடிக் கிளம்பினேன். அவர் இப்போது கயத்தாற்றில் லாரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். என் மனைவி பெருமாயி, "இந்த வயசுல கம்ப்யூட்டருக்குச் சாட்சி சொல்லப் போறீயளாக்கும்" என்றாள். சட்டையை மட்டும் துவைத்துக் கொடுத்தாள். செண்பகராஜுக்கு முதலில் எங்கள் ஊரே நினைவில்லை. மஞ்சள் கட்டச் சட்டையைச் சொன்னேன், நான்கு போளியைச் சொன்னேன், வெட்கப்பட்டார். உவர் நிலத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "அட, அந்த வரியா? இன்னுமா அண்ணாச்சி கெடக்கு?" என்றார்.

03.11.2025 திங்கட்கிழமை அவர் எங்கள் ஊருக்கு வந்தார். செயலாளரும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். கறுப்புத் திரை வந்தது. அதில் இருந்த எண் எட்டு. நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். எட்டு எனக்குத் தெரியும், அது கழுகுமலை பஸ். திரை போய் எல்லாம் எழும்பிய பிறகு பார்த்தால் இரண்டு. அந்த வரியும் இருந்தது, எழுதியவர் கை வைத்த இடத்திலேயே. சின்ன அட்டை வைத்திருந்தால் கறுப்புத் திரை எட்டு என்று சொல்லாது. மேலே இரண்டாம் பத்தியில் தாங்கள் கேட்கக் கூடிய கேள்விக்கு இதுவே பதில். செண்பகராஜின் போனில் எடுத்த படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

8. கண்டுபிடித்த அன்றே வரியை அழித்திருக்கலாமே என்று தோன்றலாம். இரண்டு காரணங்களால் அழிக்கவில்லை. அதை மாற்றுவதற்கான கடவுச்சொல் தங்கள் அலுவலகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. முத்துச்செல்வி நினைத்தாலும் அந்த வரியைத் தொட முடியாது. இரண்டாவது, நாங்களாக அழித்து, மறுநாள் தாங்கள் வந்து எட்டைப் பார்த்தால், திருடிய மெமரியை மெமோவுக்குப் பயந்து திரும்ப வைத்துவிட்டாள் என்று ஆகிவிடும். தங்களைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்கிறேன்.

9. குறிப்பாணையின் நகல் ஒன்று மையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் பலகையின் கண்ணாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பலகையில் என்ன ஒட்டினாலும், படிக்கத் தெரியாதவர்கள் உள்ளே இருக்கும் முத்துச்செல்வியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வோம். உர விலை, கண் சிகிச்சை முகாம், மின்தடை எல்லாமே அப்படித்தான். அவர் எழுந்து வந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லுவார். அன்றைக்கு வரிசையில் நின்றது பதினான்கு பேர். புதுத்தாளைப் பார்த்து, என்னம்மா போட்டிருக்கு என்று கேட்டவன் நான்.

அவர் வந்து நின்றார். முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், எங்களில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. அவர் தன் பெயரையும், கழற்றி எடுத்திருக்கலாம் என்ற வரியையும், தங்கள் கையெழுத்துக்கு மேலிருந்த தேதி வரையிலும் விடாமல் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "அந்த மெமரிய எடுத்து நான் எங்க தாத்தா கொண்டு போய் வைக்க? அடுப்படியிலயா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு உள்ளே போய் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அவருடைய ஒப்பந்தம் 30.11.2025 அன்று முடிகிறது. குறிப்பாணை நிலுவையில் இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள் என்று செயலாளர் சொல்கிறார். வேலை போனால் வேறு வேலை கிடைக்கலாம். தீப்பெட்டி ஆபீசில் கூட ஆள் கேட்கிறார்கள். ஆனால் எங்கே போய்க் கேட்டாலும் அந்த ஆறு ஜிபி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே ஐயா அவர்கள் 13.11.2025க்கு முன் ஒரு நாள் கடவுச்சொல்லுடன் எங்கள் மையத்துக்கு வர வேண்டும். பொத்தானைத் தாங்களே அமுக்க வேண்டும். கறுப்புத் திரையில் எட்டைப் பார்த்த பிறகு, தங்கள் முன்னிலையிலேயே செண்பகராஜ் அந்த ஒரு வரியை அழிக்க அனுமதிக்க வேண்டும். முத்துச்செல்வி மீதான குறிப்பாணையை எழுத்து மூலம் ரத்து செய்ய வேண்டும். முத்திரையைச் சேதப்படுத்தியதற்கு யாருக்காவது குறிப்பாணை கொடுத்தே தீர வேண்டும் என்று விதி இருந்தால், எனக்குக் கொடுக்கவும். வேலையில் இல்லாதவனுக்குக் கொடுக்க வழி உண்டா என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கவும்.

ரத்து உத்தரவையும் அதே பலகையில் ஒட்ட வேண்டும். சனிக்கிழமை ஒட்ட வேண்டாம், அன்று கூட்டம் குறைவு. உளுந்துக்குக் காப்பீடு பதிய வருகிறவர்கள் நிற்கும் திங்கட்கிழமை காலையாக இருந்தால் நல்லது. நான் முன்னதாகவே போய் வரிசையில் நிற்பேன். என்னம்மா போட்டிருக்கு என்று கேட்பேன்.

இப்படிக்கு, தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

சு. தவசி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: ஓடைக்கரிசல்பட்டி
நாள்: 06.11.2025

மனுதாரர் சொல்ல எழுதி, முழுவதும் படித்துக் காட்டி, அவர் இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னதைத் திருத்திய பின் ரேகை பெறப்பட்டது.
– பாண்டிராஜ், ஓடைக்கரிசல்பட்டி.

இணைப்பு: கறுப்புத் திரையின் புகைப்படம் – 1.