பூமிக்குக் கிட்ட

சனிக்கிழமை இரவு, ஏற்காடு.

இன்று வாழவந்திப் பள்ளியில் ஊர்க்காரர்களுக்குச் சிறுகோள்களைப் பற்றிப் பேசும்போது, "நாளைக்கு ஒரு பெரிய கல்லு பூமிக்குக் கிட்ட வந்துட்டுப் போகும்" என்று சொல்லித் தொலைத்தேன். மாலையில் பஸ் ஸ்டாப்புக்கு வந்தால், என் பேச்சை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட செல்வி, இரண்டு பிள்ளைகளோடும் துணிமூட்டையோடும் நிற்கிறாள். மலையடிவாரத்துக் குப்பனூரில் அம்மா ஊட்டுக்குப் போகிறாளாம்.

"ஏனுங்க சார், கிட்டன்னா பக்கத்தூரு கரடியூர் பக்கமுங்களா?"

நிலாவுக்கும் அப்பால்தான் போகும், எங்கேயும் விழாது என்றேன். மூட்டையைக் கீழே வைத்தாள்.

"நிலாவுக்கு அந்தப்பக்கமா? அதுக்குப் பேரு கிட்டங்களா? நாங்க சேலத்தையே நொம்பத் தூரம்னு சொல்றவங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளோடு வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

இனி அந்தச் சொல்லைக் கிட்டவே சேர்க்கக் கூடாது.