பதினொன்றாம் இடம்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஊர் ஊராக வேனில் சுற்றுகிறீர்களே, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் இசைக்குழுவின் புது சிங்கிள் நேற்று எங்கள் ஆஸ்பத்திரி சலவை அறை ரேடியோவில் வந்தது. "பாடுறது எங்க மாப்பிள்ளை" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. தரவரிசையில் முப்பத்தெட்டாம் இடமாமே! பெருமை பிடிபடவில்லை. ஒரே ஒரு குறை. நடுவில் வாத்தியமெல்லாம் அடங்கி நீங்கள் தனியாக முணுமுணுப்பீர்களே, அதைக் காணோம். வீட்டில் பாடிக் காட்டியபோது எனக்குப் பிடித்ததே அதுதான்.

அன்புடன்,
அத்தை

மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பாடு முன்னே பின்னேதான்; உங்கள் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். பாட்டு பதினொன்றாம் இடத்துக்கு ஏறிவிட்டது. முதல் பத்துக்குள் வந்தால் அடுத்த ஆல்பத்துக்கு ஒப்பந்தம் என்கிறது கம்பெனி. ரேடியோவுக்காக அந்த முணுமுணுப்பை வெட்டியதும் அவர்கள்தான். உங்கள் கடிதத்தை வேனில் படித்துக் காட்டினேன். டிரம்ஸ் அடிப்பவன் அதை வாங்கித் தானே ஒரு தடவை படித்தான். பிறகு, "அது இல்லாம இது நம்ம பாட்டே இல்லடா" என்றான். இனி ரேடியோக்களுக்கு வெட்டாத முழுப் பாட்டையே அனுப்பச் சொல்லிவிட்டோம். ஆறு நிமிடப் பாட்டை எந்த ரேடியோ போடும் என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

உங்கள்
மாப்பிள்ளை

ஏப்ரல் 9

அன்புள்ள அத்தைக்கு,

மேனேஜர் சொன்னதுதான் நடந்தது. ரேடியோக்காரர்கள் கைவிட்டார்கள். பாட்டு மளமளவென்று இறங்கிப் பட்டியலை விட்டே போய்விட்டது. ஒப்பந்தமும் இல்லை. உங்கள் மகள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஏதாவது ஆபீஸில் வேலை தேடலாமா என்று யோசிக்கிறேன்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வேலை தேடுவது உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். ரேடியோ போடாவிட்டால் என்ன என்று, மகள் அனுப்பிய முழுப் பாட்டையும் சலவை அறையில் என் போனிலேயே போட்டேன். அந்த முணுமுணுப்பு வந்ததும் எங்கள் சூப்பர்வைசர் அம்மா எழுந்துபோய் உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். சிரித்து நாங்கள் பார்த்தே இராத மனுஷி. பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

பத்துக்குள் வரவில்லையாமே என்று என் அக்கா போனில் இழுத்தாள். "முழுசா வந்துச்சுல்ல, அது போதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை உங்கள் கச்சேரிக்கு வருகிறேன். டிக்கெட் அனுப்ப வேண்டாம், வரிசையில் நின்று வாங்கிவிட்டேன். சத்தம் தாங்காது, காதில் பஞ்சு வைத்துக்கொள் என்கிறாள் உங்கள் மனைவி. நான் வைப்பதாக இல்லை.

அத்தை