ராசாவுக்குக் கழிக்க மறந்த பின்னேரம்

அக்கா,

இன்று ஹம் நகருக்குத் திரும்பும் ரயிலில், எதிரே இருந்த வயதான தம்பதியர் புதுச் சீட்டுக்கட்டு ஒன்றைப் பிரித்தார்கள். மையும் பளபளப்புக் காகிதமும் கலந்த அந்த வாசம் வந்ததும் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

பிஸ்கற் தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கிய நாங்கள் இருவரும் சில சனிக்கிழமைகளில் கசினோவுக்குச் சூதாடப் போனது ஒருவருக்கும் தெரியாது. கோயிலில் கேட்டால் சாமான் வாங்கப் போனோம் என்போம். பணக்காரராகும் ஆசை இல்லை. பிளாக் ஜாக் மேசையில் ஒரு பின்னேரம் யாருக்கும் அம்மாவாக, மனைவியாக இல்லாமல் இருப்பதே போதுமாக இருந்தது. ஆனாலும் கண்மூடித்தனமாகத் தோற்கக்கூடாது என்று, விழுந்த சீட்டுகளை எண்ணும் முறை ஒன்றைத் தேடினோம். எனக்கு ஒவ்வொரு சீட்டுக்கும் வெவ்வேறு புள்ளி தரும் பெரிய முறை பிடித்தது. நீங்கள் அதைக் குசினி மேசையில் தள்ளிவைத்தீர்கள்.

"இது வேண்டாம் பிள்ளை. ரண்டிலையிருந்து ஆறு வரைக்கும் விழுந்தா ஒண்டு கூட்டு. பத்து, ராசா ராணிப் படம், ஆஸ் எண்டா ஒண்டு கழி. மிச்சத்தை விடு. கணக்கு ஏறினா சீட்டுக்கட்டிலை பெரிய காட்ஸ் மிச்சம் கிடக்கெண்டு அர்த்தம், அப்ப கூடக் காசு வைக்கலாம். கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு எண்ண ஏலாத முறை எங்களுக்கு என்னத்துக்கு?"

நீங்கள் சொன்னது சரி. பெரிய முறையில் நான் சற்று நேரத்திலேயே குழம்பினேன். நீங்களோ சீட்டுப் போடுகிறவரோடு ஜெர்மனில் பகிடி விட்டபடி பிசகாமல் எண்ணினீர்கள். பிறகு நானும் உங்கள் முறைக்கே வந்தேன்.

ஒவ்வொரு ஆட்டம் முடியவும் மெல்லத் தமிழில் கணக்கை ஒப்பிடுவோம். அந்த மாரிகாலச் சனிக்கிழமை இரண்டும் ஒத்துவரவில்லை. பிழை என்னுடையது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆட்டத்திலும் ஒத்துவரவில்லை. பிறகு ராசா ஒன்று விழுந்தது. நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இது கூட்டிறதோ, கழிக்கிறதோ?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்று திரும்பும் ரயிலில், "களைப்புத்தான். ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றீர்கள்.

"அது ஏலாது அக்கா. நான் உங்களைக் காட்ட டொக்டரிட்டை டெர்மின் எடுக்கப்போறன்."

வீடு வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. கோபம் என்று அன்று நினைத்தேன். பயம் என்று இப்போது நினைக்கிறேன்.

தலைக்குள் கட்டி இருந்தது. வெட்டி எடுத்தார்கள், கோடை முடிவதற்குள் திரும்ப வந்தது. கடைசி நாட்களில் என் பெயர் உங்களிடம் இல்லை. கையைப் பிடித்தால் "ஓம், ஓம்" என்பீர்கள்.

உங்களுக்குப் பிறகு நான் மேசைப் பக்கம் போகவில்லை. ஆனால் யாராவது பேச்சின் நடுவே ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் கையிலுள்ள வேலையை விட்டுவிடுகிறேன். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று வேலையிடத்தில், அலுமாரியைப் பூட்டக் கையில் எடுத்த பொருளின் பெயர் வராமல் அதன் முன்னால் நின்றேன். திறப்பு. கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

வயதாக இருக்கலாம். இருந்தும், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன், சொல் வராமல் நின்றதை மகளிடம் சொல்லிவிட்டேன்.